சிதம்பரத்து இசையரங்கு

வைகாசிப் பொங்கல் இரவிலே முல்லைத்தீவுப் பகுதியிலுள்ள வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலுக்குச் சென்று வந்தோர் பலர் கடல்நீரில் விளக்கெரியும் புதுமையைப் பற்றியே பேசுவர். அவ்விளக்கைப் போலவே அங்கே அணையாது நிற்கும் பிறிதொன்று உண்டு. அது பாட்டு. சிலம்பு கூறல் என்ற பெயரோடு வன்னியில் வழங்கிவரும் கண்ணகி கதைப் பாடலும், முல்லைத்தீவார் ஆடிவரும் கோவலன் கூத்தும் ஏட்டுப் படிப்பில்லாத மக்களின் நாவிலும் செவியிலும் தலைமுறை தலைமுறையாகத் தங்கி வந்தவை. கோவலன் கொலையுண்ட செய்தியைப் பாடுவோன் பாட, கேட்டிருக்கும் மூதாட்டி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். பாட்டின் சொல் அவளுக்கு விளங்குகிறது. விளங்குவதனால் நெஞ்சு உருகுகிறது. பாட்டு எந்த மொழியில் அமைய வேண்டும் என்ற வினா அங்கே எழுவதில்லை. எழுப்புவானொருவன் வந்தால் அவனை ஊரார் வியப்போடு நோக்குவர்.

இவ்வினாவே 1941ஆம் ஆண்டிலே தமிழகத்துச் சங்கீத உலகை இரு கூறாக்கிற்று. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே சிதம்பரத்தை அடுத்த அண்ணாமலை நகரிலே, பல்கலைக்கழகத்தின் ஆதரவில், தமிழிசை மாநாடு ஒன்று கூடிற்று. வெளியூர்களிலிருந்து வித்துவான்களும் புலவர்களும் இரசிகர்களும் வந்து குழுமினர். பகலில் ஆராய்ச்சியும் வாதமும், மாலையில் கச்சேரியுமாகச் சில நாட்கள் கழிந்தன. கச்சேரிகள் அன்றைக்கன்றே காற்றோடு கலந்துவிட்டன. வாதமோ பல்லாண்டு நீடித்தது.

மாநாடு சிதம்பரத்திலே கூடியது தற்செயலன்று. தமிழ் இசையின் வரலாற்றில் அவ்வூர் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. மூவர் பாடிய தேவாரத் திருப்பதிகங்கள் மறைந்து கிடந்தபோது, இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் தில்லைக் கோயிலின் அறையொன்றைத் திறப்பித்து, கறையான் தின்று எஞ்சிய ஏடுகளை மீட்டனர் என்பது வழிவழி வந்த செய்தி. ஏடு கிடைத்தும் பண் தெரியவில்லை. திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபிலே பிறந்த பெண்ணொருத்தியைத் திருஎருக்கத்தம்புலியூரில் தேடிக் கண்டு, அவள் பாடிக் காட்டிய வண்ணம் பண்களை வகுத்தனர் என்றும் அச்செய்தி தொடர்ந்து கூறும். ஏடு தில்லையில் இருந்தது. இசை ஒரு பாணர்குலப் பெண்ணின் குரலில் இருந்தது. சொல்லைக் காப்பது எளிது, மெட்டைக் காப்பது அரிது என்பதை இக்கதை தெளிவாக உணர்த்துகிறது. பின்னால் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்வதற்கும் இது துணைசெய்யும்.

சீகாழியிலிருந்து தில்லைக்கு வந்து பாடிய முத்துத்தாண்டவரையும் இங்கே நினைத்தல் தகும். சிதம்பரம் கோயிலுட் புகுந்ததும் அடியார் வாயிலிருந்து முதலில் கேட்கும் சொல்லையே அடியாகக் கொண்டு நாள்தோறும் ஒரு பாடல் பாடினார் என்று அவரைப் பற்றிக் கூறுவர். திருவாரூரில் தோன்றிய சங்கீத மும்மூர்த்திகளுக்கு அவர் காலத்தால் முந்தியவர். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பு தமிழிலே அவர் கையில் உருப்பெற்று நின்றது. தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் இராம நாடகம் பாடிய அருணாசலக் கவிராயரும் 18ஆம் நூற்றாண்டில் அவ்வழியே வந்தனர். 19ஆம் நூற்றாண்டிலே கோபாலகிருஷ்ண பாரதியார், தில்லையைக் காண ஏங்கிய நந்தனாரின் சரித்திரத்தைக் கீர்த்தனையாக்கினார். தமிழிலே கீர்த்தனை இல்லை என்று எவரும் கூற இயலாது.

அங்ஙனமாயின் 1941இல் குறைபட்டது எது? கச்சேரி மேடையில் தமிழுக்குக் கிடைத்த இடமே குறைபட்டது. விசயநகரத்தின் பின் தஞ்சையை ஆண்ட நாயக்கர் அவையிலே தெலுங்கு செல்வாக்குற்றது. அவர்க்குப் பின் வந்த மராத்திய மன்னரும் அம்மரபை விலக்கவில்லை. வித்துவான்களைப் புரந்தது அரண்மனை. அரண்மனையின் சுவை வித்துவானின் சுவையாயிற்று. பின்னர்த் தியாகராச சுவாமிகள், முத்துசுவாமி தீட்சிதர், சியாமா சாஸ்திரிகள் என்னும் மூவரும் தெலுங்கிலும் வடமொழியிலும் இயற்றிய அரும்பெருங் கீர்த்தனைகள் பாடுவோருக்கு வற்றாத செல்வமாக அமைந்தன. அம்மூவர்மீது எவரும் குறை கூறுதற்கில்லை. தத்தம் உள்ளம் உருகிய மொழியிலே அவர்கள் பாடினர். குறை பின்வந்தோருடையது. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே நகரங்களில் சபாக்கள் பெருகி, கச்சேரிக்கு வர்ணம், கீர்த்தனைகள், இராகம் தானம் பல்லவி என்று ஒரு முறை நிலைபெற்றபோது, தமிழ்ப் பாட்டுக்கு ஒதுக்கப்பட்டது பெரும்பாலும் கடைசிப் பகுதி. அதற்குத் துக்கடா என்று பெயர். துணுக்கு என்று பொருள் கொள்ளலாம். இரவு நெடுநேரமாகிப் பாதிப்பேர் எழுந்து செருப்பைத் தேடும் வேளையில் பாடப்படுவது அது.

தமிழ்நாட்டிலே, தமிழர் கூடிய மண்டபத்திலே, தமிழ் வாயிற்படியில் நின்றது. இது பலருக்கும் தெரிந்திருந்தது. எனினும் வழக்கமாகிவிட்ட ஒன்று கண்ணை உறுத்துவதில்லை. கல்கி என்ற புனைபெயரால் நாடறிந்த ரா. கிருஷ்ணமூர்த்தி ஆனந்த விகடனில் கர்நாடகம் என்ற பெயரிலே எழுதிவந்த கச்சேரி விமரிசனங்களில் இக்குறையைப் பலமுறை நகைச்சுவையோடு குத்திக் காட்டினார். இரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார், பாட்டின் பொருளோடு கலந்து நிற்கும் பாவமே இசையின் உயிர் என்று பேசிவந்தார். இவர்களுக்கெல்லாம் முன்னரே தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1912 முதல் இசை மாநாடுகள் கூட்டி, 1917இல் கருணாமிர்த சாகரம் என்னும் பெருநூலை வெளியிட்டுப் பழந்தமிழ் இசையின் சுருதிக் கணக்கை ஆராய வழிவகுத்திருந்தார். எண்ணங்கள் பரவியிருந்தன, அவற்றைத் தாங்கி நடத்த ஒரு நிலையம் தேவைப்பட்டது.

அந்நிலையம் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். கானாடுகாத்தான் செட்டிநாட்டு இராசா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியை நிறுவினார். 1929இல் அது பல்கலைக்கழகமாக வளர்ந்தது. இசைக் கல்லூரியும் அவ்வாண்டிலேயே அமைந்தது. ஒரு பல்கலைக்கழகத்தின் வாயிலுக்குள்ளே சங்கீதத்தை அழைத்துச் சென்று, பாடத்திட்டமும் பரீட்சையும் பட்டமும் வகுத்தது அக்காலத்துக்குப் புதுமை. மகா வைத்தியநாதையரின் மாணாக்கர் சபேசையர், தஞ்சை நால்வர் வழிவந்த பொன்னையா பிள்ளை, டைகர் வரதாச்சாரியார், பின்னாளில் எம். எம். தண்டபாணி தேசிகர் எனப் பெருவித்துவான்கள் வெவ்வேறு காலங்களில் அங்கே பொறுப்பேற்று இருந்தனர். குருவின் வீட்டுத் திண்ணையில் பல்லாண்டு காத்திருந்து கற்ற வித்தை, மணி அடித்தால் தொடங்கி மணி அடித்தால் முடியும் வகுப்புக்கு இறங்கியது நன்றோ தீதோ என்று வாதிடுவோர் இன்றும் உளர். ஒன்று மட்டும் உறுதி. குருகுலத்திற் புக வழியில்லாதவர்க்கு அது கதவைத் திறந்தது. பெண்கள் அதனால் பெற்ற பயன் சிறிதன்று.

1940இல் அண்ணாமலைச் செட்டியார் தமிழ்ப் பாடல்களை வளர்ப்பதற்கெனப் பல்கலைக்கழகத்துக்குப் 10,000 ரூபா வழங்கினார். அக்காலத்து விலைவாசியை எண்ணினால் இது பெருந்தொகை. அதன் தொடர்ச்சியே 1941 ஆகஸ்ட் மாநாடு. தமிழ்நாட்டுக் கச்சேரிகளில் தமிழ்ப் பாட்டுக்கள் மிகுதியும் பாடப்பட வேண்டும், இசைப் பள்ளிகள் தமிழ்ப் பாடல்களைக் கற்பிக்க வேண்டும், வானொலி நிலையங்களும் அவற்றுக்கு உரிய இடமளிக்க வேண்டும் என்ற கருத்துக்கள் அங்கே தீர்மானங்களாயின. வானொலி அப்பொழுது இளங்குழந்தை. திருச்சிராப்பள்ளி நிலையம் தொடங்கி இரண்டாண்டே ஆகியிருந்தது. அப்படியிருந்தும் மாநாட்டார் அதை மறக்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. கோயில் மண்டபமும் சபா மண்டபமும் கொள்ளாத கூட்டம் இனி இப்பெட்டியின் முன்னே கூடும் என்பதை அவர்கள் கண்டுகொண்டனர்.

இன்னொரு செய்தியும் சுவையானது. அவ்வேளையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் சர் கூர்மா வேங்கட ரெட்டி நாயுடு, ஆந்திர நாட்டவர். தமிழிசை இயக்கம் தெலுங்கரை வெறுக்கும் இயக்கம் என்று எதிர்த்தோர் கூறியபோது, மாநாடு கூடிய இடத்தின் தலைமைப் பதவியில் தெலுங்கரொருவர் அமர்ந்திருந்தார்!

எதிர்ப்பு விரைந்து வந்தது. சென்னைச் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாடமி, அவ்வாண்டு டிசம்பரிலே தன் கருத்தை வெளியிட்டது. உயர்ந்த கர்நாடக சங்கீதத்தின் தரத்தைப் பேணுவதே பாடுவோர்க்கும் கேட்போர்க்கும் நோக்கமாதல் வேண்டும், அத்தரம் தாழும்படி மொழிபற்றிய எண்ணம் எதுவும் புகுதல் கூடாது என்பது அதன் சாரம். இதனை வெறும் பிடிவாதமென்று தள்ளிவிடல் நேர்மையாகாது. தரத்தைப் பற்றிய அச்சம் மெய்யான அச்சமே. ஆனால் தமிழ் புகுந்தால் தரம் தாழும் என்ற ஊகம் அவ்வாசகத்தின் உள்ளே ஒளிந்திருந்தது. புண்பட்டவர்கள் அந்த ஊகத்தினாலேயே புண்பட்டனர். கல்கியின் பேனா ஓயவில்லை. இராசாசி ஆதரவாகப் பேசினார், ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும் ஆதரித்தார். அரசியலில் எதிரெதிர்த் திசைகளில் நின்ற இவ்விருவரும் ஒரே பக்கம் நின்ற அரிய நிகழ்ச்சிகளில் இது ஒன்று.

சிதம்பரத்தின் பின் தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் இத்தகைய மாநாடுகள் கூடின. 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றிற்று. பின்னர்ச் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான சர் ஆர். கே. சண்முகஞ் செட்டியார் அதற்கு உறுதுணையாக நின்றார். அவ்வாண்டு முதல் மார்கழியிலே சென்னையில் தமிழிசைக்கெனத் தனி விழா நடைபெறலாயிற்று. எந்த விழாவில் பாடுவது என்று வித்துவான்கள் தயங்கிய காலமும் இருந்தது. காலப்போக்கில் அத்தயக்கம் நீங்கிற்று. அதற்குக் காரணம் தீர்மானங்களல்ல, பாட்டுக்களே. பாபநாசம் சிவனும் பெரியசாமித் தூரனும் இயற்றிய புதிய கீர்த்தனைகள் எந்த மேடைக்கும் தகுதியுடையனவாக விளங்கின. கச்சேரி முறைக்கே தந்தை எனப்பட்ட அரியக்குடி இராமாநுச ஐயங்கார் திருப்பாவைக்கும் இராம நாடகப் பாடல்களுக்கும் இசையமைத்துத் தந்தார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சற்று விரித்துக் கூறல் வேண்டும். தமிழ்ப் பாட்டைப் பாடுங்கள் என்று கேட்டபோது வித்துவான்கள் கூறிய மறுமொழிகளிலே ஒன்று நியாயமானது: மெட்டு எங்கே? முத்துத்தாண்டவர் பாடியவற்றுள் இன்று கிடைப்பன கீர்த்தனைகள் அறுபதளவும் பதங்கள் இருபத்தைந்தளவுமே. அவற்றுக்கும் அவர் அமைத்த மெட்டு வழிவழியாக வந்து சேரவில்லை. சொல் மட்டும் அச்சேறிக் கிடந்தது. தியாகராசரின் கீர்த்தனைகளுக்கோ சீடர் பரம்பரை இருந்தது. ஒரு சீடன் பிழைவிட்டால் மற்றொருவன் திருத்துவான். தில்லையிலே ஏடு கிடைத்தும் பண் தெரியாமல் நின்ற பழைய கதையே மீண்டும் நிகழ்ந்தது. இம்முறை பாணர்குலப் பெண்ணின் வேலையைச் செய்தது பல்கலைக்கழகத்தின் இசைத்துறை. பழம்பாடல்களுக்கு வித்துவான்களைக் கொண்டு இசையமைத்து, சுரதாளக் குறிப்போடு தொகுதி தொகுதியாக நூல்களை அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. 1941இன் ஆரவாரத்தை நினைவுகூர்வோர் பலர். இத்தொகுதிகளைப் போற்றுவோர் சிலர். ஆயினும் இயக்கத்தின் மெய்யான வெற்றி இந்நூல்களிலேதான் உள்ளது. ஊர்ப் பாடசாலையொன்றிலே ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருக்கும் ஆசிரியர்க்குத் தீர்மானத்தால் ஆவதொன்றில்லை. சுரக்குறிப்புடைய ஒரு புத்தகம் அவர்க்கு ஆயுள் முழுதும் போதுமானது. சென்னையிலே தமிழ் இசைச் சங்கம் 1949 முதல் ஆண்டுதோறும் ஓதுவார்களையும் அறிஞர்களையும் கூட்டிப் பண் ஆராய்ச்சி நடத்தியதும் இவ்வகைப் பணியே.

இனி இலங்கையை நோக்குவோம். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் மட்டக்களப்புக் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலாநந்தர். அவர் பிறந்த ஆண்டிலேதான் உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை உரையோடு அச்சிற் பதிப்பித்தார். அந்நூலின் அரங்கேற்று காதையிலே, மாதவியின் ஆடலை ஒட்டி இளங்கோவடிகள் கூறும் யாழ் இலக்கணம் பல நூற்றாண்டாகப் பொருள் மறைந்து கிடந்தது. இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரியும் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதருமான விபுலாநந்தர், கணிதத்தையும் தமிழையும் ஒருங்கு கொண்டு அதனை அவிழ்க்க முனைந்தார். 1931 முதல் 1933 வரை அவர் அண்ணாமலை நகரில் வாழ்ந்தார். இசைக் கல்லூரியும் தமிழ்த் துறையும் ஒரே வளாகத்தில் இருந்த சூழல் இத்தகைய ஆராய்ச்சிக்கு உகந்தது. ஏறத்தாழப் பதினான்கு ஆண்டு உழைப்பின் பயனாகிய யாழ் நூல், கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் ஆதரவில் 1947 யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூர்க் கோயிலில் அரங்கேறிற்று. நூலிற் கூறிய கணக்கின்படி செய்யப்பட்ட யாழ்கள் அவ்வரங்கிலே ஒலித்தன. அடுத்த யூலை 19ஆம் நாள் சுவாமிகள் மறைந்தார். வற்றாப்பளையில் மூதாட்டியை அழவைக்கும் அதே கண்ணகி கதைதான் இந்த ஆராய்ச்சிக்கும் ஊற்றாயிற்று.

சிதம்பரத்துக்கும் வடஇலங்கைக்கும் இடையே இருந்த வழி அக்காலத்தில் நேரானது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பற் சேவை தொடங்கிற்று. தஞ்சை நாட்டிலிருந்து புறப்பட்ட நாதசுர வித்துவான், தனுஷ்கோடியில் கோஷன் அல்லது இர்வின் என்ற கப்பலேறி, தலைமன்னாரில் புகையிரதம் பிடித்து, மதவாச்சியில் மாறி, வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் சேர்வார். கோயில்களின் கொடியேற்றக் காலங்களிலே தவிலும் நாதசுரமும் உறைபோட்ட நிலையில் வன்னிக் காட்டினூடே இவ்வாறு பயணம் செய்தன. போக்கு ஒருவழிப்பட்டதுமன்று. அளவெட்டியில் வாழ்ந்த தவில் மேதை தெட்சணாமூர்த்தி அதே கடலைக் கடந்து சென்று, தமிழகத்தின் முன்னணி நாதசுர வித்துவான்களுக்கு வாசித்து அவர்களை வியக்க வைத்தார்.

கோயில் வித்துவான் வந்து வாசித்துத் திரும்பிவிடுவார். பாடசாலைப் பிள்ளைக்குக் கற்பிக்க ஆள் வேண்டும். அக்குறையை நீக்கியது சங்கீத பூஷணம் என்ற பட்டம். இலங்கையிலிருந்து இளைஞரும் யுவதிகளும் சிதம்பரம் சென்று இசைக் கல்லூரியிற் பயின்று, அப்பட்டத்தைப் பெயரின் முன்னே தாங்கி மீண்டனர். ஒரு தலைமுறைக் காலம் வடமாகாணப் பாடசாலைகளில் சங்கீத ஆசிரியர் என்றாலே சங்கீத பூஷணம் என்று எண்ணும்படியாயிற்று. அவர்கள் கொண்டுவந்த பெட்டியிலே தியாகராசர் கீர்த்தனைகளும் இருந்தன. பல்கலைக்கழகம் பதித்த தமிழ்ப் பாடல்களும் இருந்தன. வட இலங்கைச் சங்கீத சபை தரந்தரமாகப் பரீட்சைகள் நடத்தி, யாழ்ப்பாணத்துக்கு அப்பாலுள்ள பிள்ளைகளும் முறைப்படி கற்க வழிசெய்தது. 1960இல் சேர் பொன்னம்பலம் இராமநாதன் பெயரால் மருதனார்மடத்தில் இசைக் கல்லூரி அமைந்ததும், வித்துவான்கள் இங்கேயே வந்து தங்கிக் கற்பிக்கலாயினர். மகாராசபுரம் சந்தானம் 1960களிலே அக்கல்லூரியின் அதிபராயிருந்தார். சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையும் அங்கே பணியாற்றினார். 1974இல் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகம் தொடங்கியதன் பின் அக்கல்லூரி அதனோடு இணைந்தது. வந்துபோகும் வித்துவான்களின் பருவமொன்று பல்கலைக்கழக நகரில் நிலையான கல்வியாக மாறிய சிதம்பரத்து நிகழ்ச்சி, முப்பது ஆண்டு கழித்து இக்கரையிலும் நிகழ்ந்தது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவிற் கிளம்பிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. கப்பல் இராமேசுவரத்திலிருந்து சிலகாலம் ஓடிப் பின்னர் 1980களில் நின்றது. 1990இல் வவுனியாவுக்கு வடக்கே புகையிரதமும் நின்றது. போரினால் வன்னி மக்கள் வீடும் ஊரும் விட்டுப் பலமுறை பெயர்ந்தனர். பெயர்ந்தோர் கையில் எடுத்துச் சென்ற பொருள்களில் வீணைக்கு இடமிருந்திருக்காது. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்துக்கும் புகையிரதம் மீண்டது. 2021இல் வவுனியா வளாகம் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. வன்னி நிலத்துக்கும் இப்பொழுது ஒரு பல்கலைக்கழக நகர் உண்டு. வைகாசியில் வற்றாப்பளையில் பொங்கல் நடைபெறுகிறது; கடல்நீர் விளக்கு எரிகிறது; சிலம்பு கூறுவோர் கூறுகின்றனர். அப்பாட்டின் மெட்டுக்களைச் சுரப்படுத்தி ஏட்டில் ஏற்றும் வேலை அந்நகரின் வாயிலிலே காத்திருக்கிறது.